கனமானவர்களுக்கு எந்த வெள்ளைநீர் கேனோ (நுரைத்துப் பாயும் ஆற்றில் ஓட்டும் துடுப்புப் படகு) பொருந்தும்?

உங்கள் எடை 100 கிலோ, சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் துடுப்புப் போட்டுப் பழக்கம், இனி மலேசிய ஆறுகளில் அலைமேல் விளையாட ஒரு கேனோ வேண்டும். சரிதானே?

நீளத்தை விடுங்கள், கொள்ளளவைப் பாருங்கள். உங்கள் எடையைத் தயாரிப்பாளர் தரும் எடை வரம்போடு ஒப்பிடும்போது ஹெல்மெட், உயிர்காப்பு அங்கி, ஈர உடை (குளிர் தாங்கும் நீர் விளையாட்டு உடை) எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வரம்பின் உச்சியைத் தொட்டால் அந்தப் படகு வேண்டாம். பின்பக்கம் அமிழும், திறந்த கேனோவில் விளிம்பு வழியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். ரொம்பப் பெரியதோ சாய்க்கவே மசியாது.

மண்டியிட்டு உட்காருவதால் எடை மேலே நிற்கும், அதனால் அகலமும் முக்கியம். இருக்கை தாழ்வாக இருந்தால் பாதம் அடியில் மாட்டிக்கொள்ளும். கவிழும்போது அது ஆபத்து. கடையிலேயே பத்து நிமிடம் மண்டியிட்டுப் பாருங்கள். அப்புறம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்?