தத்துக்கு வரும் பக் நாய்: கையெழுத்துப் போடும் முன் மூக்கு, கண், பின்னங்கால் நகம்

கேள்வி: சென்னையில் ஃப்ளாட். வீட்டில் ஏழு வயது மகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். கைவிடப்பட்ட நான்கு வயதுப் பெண் பக் ஒன்றைத் தத்துக் கொடுக்கிறார்கள். எடுக்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்:

எடுக்கலாம். காசு கொடுத்துக் குட்டி வாங்குவதைவிட இதுவே மேல். பக் இனத்தின் தொல்லைகள் மூச்சிலும் கண்ணிலும் தோலிலும் முதுகெலும்பிலும் இருக்கின்றன. இவற்றில் பல, நான்கு வயதுக்குள் வெளியே தெரிந்துவிடும். குட்டியிடம் எதுவும் தெரியாது. வளர்ந்த நாயிடம் பார்க்கத் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

2003இல் பக் ஒன்றைக் காட்டிய ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகுதான் இந்த நாய்க்கு நம் ஊரில் இவ்வளவு கிராக்கி. கிராக்கி வந்ததும் மொட்டைமாடியிலும் கார் ஷெட்டிலும் வைத்துக் குட்டி போடவைத்து விற்க ஆரம்பித்தார்கள். இன்று தத்துக்கு வரும் பக்குகளில் பெரும்பாலும் இரண்டு வகை. கண்ணுக்கும் தோலுக்கும் செலவு செய்து சலித்துப்போனவர்கள் கைவிட்டவை ஒரு வகை. குட்டி போட்டுத் தீர்ந்த பெண் நாய்கள் இன்னொரு வகை. உங்களுக்கு வருவது நான்கு வயதுப் பெண் என்பதால் இரண்டாவது வகையாக இருக்கலாம். காம்புகள் தொங்குகின்றனவா, அடிவயிற்றின் நடுவில் நீளத் தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல் என்பதால் பக் இனத்தில் சிசேரியன் சாதாரணம்.

கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். கருத்தடைக்கும் வயிற்றில் தழும்புதான் இருக்கும், அதனால் தழும்பை மட்டும் நம்பாமல் சான்று கேளுங்கள். ஆகாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் சாப்பாடு குறைந்து, தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். சீழ் வெளியே வராத வகைதான் அதிக ஆபத்து, ஏனென்றால் எதுவும் கண்ணில் படாது.

நாயைப் பார்க்க வெயில் ஏறும் முன், காலை ஏழு மணிக்குள் போங்கள். முதலில் மூக்கு. துளைகள் வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். காற்புள்ளி மாதிரி ஒரு கீறலாக ஒட்டிக்கிடந்தால் மூச்சுக்கு வழி போதாது. அது சும்மா இருக்கும்போது மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு மூன்று நிமிடம் வேகநடையில் கூட்டிப்போய், மறுபடி கேளுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் தட்டைமூக்கு நாய்களைத் தரம் பிரிக்க வைத்திருக்கும் முறையிலும் இந்த மூன்று நிமிட ஓட்டம்தான் அடிப்படை. அவர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், நமக்குக் காது போதும். லேசான கொர்கொர் பரவாயில்லை. நடந்த பிறகு ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் வந்தாலோ, வெள்ளை நுரை கக்கினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, நடையை உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நாய்க்கு மூக்குத் துளையையும் தொண்டைக்குள் நீண்டு தொங்கும் உள்ளண்ணத்தையும் சரிசெய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கருத்தடையும் பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பக்குக்கு மயக்கம் தெளியும் நேரம்தான் கண்டம். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை எடுத்ததும் காற்றுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். நன்றாக விழித்து, தலை தூக்கி உட்காரும்வரை பக்கத்தில் ஆள் வைத்துப் பார்க்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

குறட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லாப் பக்கும் குறட்டை விடும். உட்கார்ந்தபடியோ, வாயில் பொம்மையைக் கவ்வியபடியோ தூங்குகிறதா என்று வளர்ப்பவரிடம் கேளுங்கள். படுத்தால் மூச்சு அடைக்கும் நாய்தான் அப்படித் தூங்கும்.

அடுத்தது கண். பக்கின் கண் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்காது, துருத்திக்கொண்டு நிற்கும். மூக்கோரத்திலிருந்து கருவிழிக்குள் பழுப்புப் படலம் ஏறுகிறதா, கண் பளபளப்பில்லாமல் மங்கிப் பிசுபிசுவென்று பீளை கட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பீளை கட்டினால் கண்ணீர்ச் சுரப்பை அளக்கச் சொல்லுங்கள். ஒரு காகிதத் துண்டை இமைக்குள் ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி, 10க்குக் கீழே என்றால் உலர்கண். அதற்கு சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கண்ணையும் காட்டலாம், கூட்டத்துக்குப் பயந்தால் சீக்கிரம் போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், கண்ணே ஓட்டையாகிவிடும். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாலே புண் என்று நினைத்து அன்றே காட்டுங்கள்.

மகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியதும் இதையொட்டித்தான். பிடரித் தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது. கழுத்தை அழுத்தி இழுத்தால் பக்கின் கண்விழி குழியை விட்டு வெளியே வந்துவிடுவது உண்டு. அப்படி நேர்ந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல், சலைனில் நனைத்த துணியை மேலே போட்டு ஓட வேண்டும். இதே காரணத்தால் கழுத்துப் பட்டையும் வேண்டாம், மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

பின்னங்கால்களைத் தூக்கி நகங்களைப் பாருங்கள். நடு நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தால் நாய் பாதத்தை இழுத்து நடக்கிறது, முதுகெலும்பில் கோளாறு இருக்கலாம் என்று பொருள். எக்ஸ்ரே கேளுங்கள். வலிப்பு வந்ததுண்டா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். பக் இனத்துக்கென்றே ஒரு மூளை அழற்சி நோய் இருக்கிறது, சின்ன வயதிலேயே வரும், குணமாகாது. உண்ணிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, வலிப்பு உள்ள நாய்க்கு ஆகாது என்பதற்காகவும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் கூட்டிவராதீர்கள். உண்ணிக் காய்ச்சல் சென்னையில் வருடம் முழுக்க உண்டு. வெளியே சுறுசுறுப்பாக இருக்கும் நாய்க்கும் பிளேட்லெட் மிகக் குறைந்து கிடக்கலாம். அதைப் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்குக் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. தடுப்பூசிக் காகிதம் இல்லையென்றால் போடாதது என்றே கணக்கு: வெறிநோய் ஊசி ஒன்று, கூட்டுத் தடுப்பூசி இரண்டு, மூன்று முதல் நான்கு வார இடைவெளியில், பிறகு ஆண்டுக்கொரு முறை.

வெயில்தான் நம் ஊரில் பக்கைக் கொல்வது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். பக்குக்கு மூக்கும் குட்டை, காற்றில் ஈரமும் அதிகம், அதனால் இரைத்தாலும் சூடு இறங்காது. நிழலில் 33 டிகிரி என்றாலும் கடலோரப் புழுக்கம் அதற்கு ஆபத்துதான். நடை காலை ஆறரைக்குள், இரவு எட்டுக்கு மேல். மதியம் ஏசி வேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டுச் சாவி என்று ஏதாவது ஓர் ஏற்பாடு முதல் நாளே இருக்க வேண்டும். அடங்காமல் இரைத்து, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால், முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி ஃபேனுக்கு அடியில் வையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. ஆசனவாய்த் தெர்மாமீட்டரில் 103.5 ஃபாரன்ஹீட் வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் தேவைக்குக் கீழே இறங்கிவிடும்.

மாமியார் விஷயம். பிஸ்கட்! பக்கின் எடை 6 முதல் 8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கருத்தடை ஆன, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 7 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 350 முதல் 400 கலோரி போதும், அதாவது உலர் தீவனம் என்றால் சுமார் 100 கிராம். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. காபியோடு நான்கு போட்டால் கால் நாள் சாப்பாடு போய்விட்டது. கூடும் கொழுப்பு தொண்டையைச் சுற்றியும் படியும், மூச்சு இன்னும் மோசமாகும். மாமியாரைத் தடுப்பதைவிட, காலையில் அளந்த தீவனத்திலிருந்து ஒரு கைப்பிடியை அவருடைய டப்பாவில் போட்டு, அதிலிருந்து கொடுக்கச் சொல்வது நடக்கிற காரியம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் கூடவே கூடாது. பொங்கலிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சையும் இதில் சேர்த்தி.

மூக்கு மடிப்பைத் தினமும் துடைக்க வேண்டும். சலைனில் நனைத்த பஞ்சால் ஒருமுறை, உலர்ந்த பஞ்சால் இன்னொருமுறை. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், ஈரம் நின்றால்தான் புண்ணாகி நாறும். டெட்டால் வேண்டாம், மடிப்புக்குள் தேங்காயெண்ணெயும் வேண்டாம். முடி கொட்டும், ஏராளமாகக் கொட்டும். பூஜை அறைக்குக் கதவில்லையென்றால் இதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

திடீரென்று கழுத்தை நீட்டி மூக்கால் உள்ளிழுத்துக் கர்... கர்ரென்று சத்தம் போட்டால் பதற வேண்டாம், அது தலைகீழ்த் தும்மல். தொண்டையைத் தடவிவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்.

கடைசியாகக் காகிதங்கள். தத்து ஒப்பந்தத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கும் அவகாசமும், முடியாமல் போனால் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற வரியும் இருக்கட்டும். நல்ல காப்பகம் மறுக்காது. மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். குடியிருப்போர் சங்கம் நாயே கூடாது என்று சொன்னால், சங்கத்துக்கு அப்படித் தடை போடும் அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதலின் ஒரு நகலைச் செயலாளரிடம் கொடுங்கள்.