ஜெர்மனிப் பள்ளியோடு சேர்ந்து கடலரிப்பு, காலநிலை நீதி பற்றி ஆய்வு செய்ய, குளச்சல் பக்கத்து மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

சுவரொட்டிப் போட்டியை முதலில் தள்ளி வையுங்கள். இரண்டு கரையிலும் ஒரே பொருளை ஒரே முறையில் அளந்தால்தான் பேச ஏதாவது இருக்கும். கடற்கரையின் சரிவை அளக்க, இரண்டு கோல்களையும் தொடுவானத்தையும் வைத்து மட்டம் பார்க்கும் எமரி கோல் முறை போதும். செலவு இரண்டு பிவிசி குழாய்தான்.

குழாய் ஒவ்வொன்றும் 1.5 மீட்டர். உச்சியிலிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடு போடுங்கள். அடியில் மூடி மாட்டாவிட்டால் ஈர மணலில் கோல் புதையும்; அந்தப் பிழை அளவுக்கு அளவு கூடிக்கொண்டே போகும். தொடங்கும் புள்ளி அசையாததாக இருக்கட்டும்: குருசடியின் (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) படி சரி. கரையோரத் தென்னை வேண்டாம், அடுத்த ஆடிக்கு அது நிற்குமா என்பதே சந்தேகம். கோல்களை 2 மீட்டர் இடைவெளியில் செங்குத்தாகப் பிடியுங்கள். கரைப்பக்கம் நிற்பவர் கடல்பக்கக் கோலின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு தன் கோலில் விழும் எண்ணே இறக்கம். மணல் மேடேறினால், தன் கோலின் உச்சி வழியாகப் பார்த்து எதிர்க்கோலில் படிக்கலாம். இடைவெளிக்கு மூங்கில் குச்சி நல்லது, நைலான் கயிறு இழுத்தால் நீளும். தொடுவானம் மங்கலாக இருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஜெர்மனியின் வடகடல் கரையில் பல இடங்களில் 3 மீட்டர் வரை. அதனால் கரையின் அகலத்தை ஒப்பிடாதீர்கள். அவரவர் நிலைப்புள்ளியிலிருந்து மணல்மட்டம் எவ்வளவு மாறியது என்பதையே ஒப்பிடுங்கள்.

ஒரு முழு வருடமாவது தேவை. ஆனி, ஆடியில் போகும் மணலில் பெரும்பகுதி தைக்குப் பிறகு திரும்பும். ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடித்தால் பருவ மாற்றத்தையே காலநிலை மாற்றம் என்று எழுதிவிடுவீர்கள். தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) இருந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அதற்கு எவ்வளவு தூரத்தில் அளந்தீர்கள் என்பதைக் குறிக்காத தரவு வீண். மணவாளக்குறிச்சியில் கனிம மணல் எடுக்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

காலநிலை நீதிக்கான பகுதி, மீனவர்கள் தொழிலிழந்த நாட்களின் கணக்கு. நம் மாவட்டத்துக்கு விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு: கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களைக் கழிக்காவிட்டால் கணக்கே பொய். வள்ளக்காரர்களுக்கு (சிறு நாட்டுப் படகில் போகிறவர்கள்) தனிப் பட்டியல் போடுங்கள்: என்ன எச்சரிக்கை, போனார்களா, போகாததால் எவ்வளவு கூலி போயிற்று. 2017 ஒக்கி புயலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் ஜெர்மனி மாணவர்கள் வைக்க வேண்டிய எண்கள்: தலைக்கு ஆண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியீடு இந்தியாவில் சுமார் 2 டன், ஜெர்மனியில் சுமார் 7. அங்கே கடல்தடுப்புப் பணிகளுக்கு ஒன்றிய அரசு 70 சதவீதம், மாநிலம் 30 சதவீதம் தருகிறது. உங்கள் ஊர்க் கல்சுவருக்கு யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு, ஆகவே முதல் மாதமே மனு போட்டுவிடுங்கள்.

மாணவர் முயற்சி எங்கே போய்ச் சேரும் என்று தலைமையாசிரியர் கேட்டால், பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சி, 2025 ஜூலை 23இல் காலநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமை பற்றிய சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையாக முடிந்ததைக் காட்டலாம்.

காணொளிக் கூட்டத்துக்கு நம் பிற்பகல் 2.30 வசதி, அங்கே குளிர்காலத்தில் காலை 10, கோடையில் 11. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரம் மட்டும் நேரத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.