நாலு நட்சத்திரம் வந்தால் கோப்பை வந்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகனால் எனக்கும் அங்கத்தியக் கல்லூரிக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த சீசனுக்கு அவனுடைய கல்லூரி அணியில் நாலு 'ஐந்து நட்சத்திர'ப் பள்ளி வீரர்கள், அதாவது உச்ச மதிப்பீடு பெற்ற பையன்கள், சேர்கிறார்களாம். கோப்பை எங்களுக்குத்தான் என்று பிரியாணி பந்தயத்துக்குக் கூப்பிடுகிறான். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வருகிறவர்களை அப்புறம் பார்க்கலாம் சார். முதலில் போகிறவர்களை எண்ணுங்கள். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, கோச் பங்கு போட்டுக் கொடுக்க இருப்பது மொத்தம் 200 நிமிடம்தான். படிப்பை முடித்தும், என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்கும், வேறு கல்லூரிக்கும் போகிறவர்கள் அதில் எவ்வளவைக் காலி செய்கிறார்கள்? அங்கேதான் புதுப் பையன்களுக்கு இடம்.

கென்டக்கி பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். 2012-ல் அவர்கள் கோப்பை வென்றபோது ஆந்தனி டேவிஸ் முதலாமாண்டு மாணவர். கான்சஸ் பல்கலைக்கழகத்துடனான இறுதி ஆட்டத்தில், ஆட்டப் போக்கில் அவர் கூடையை நோக்கி எறிந்த 10 பந்துகளில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஆனால் 16 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிரி எறியும் பந்தைத் தடுப்பது)! தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. சரி, புள்ளிகளை யார் எடுத்தது? இரண்டாமாண்டு படித்த டோரன் லேம்ப், 22. மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சிலிருந்து இறங்க டேரியஸ் மில்லர் என்ற கடைசி ஆண்டு மாணவரும் இருந்தார்.

அந்த அணியின் ஆறு பேரை அதே ஆண்டு என்பிஏ அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சீசனுக்கும் பெரிய பெயர்கள்தான் வந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தோள்கொடுக்க அனுபவசாலிகள் அதிகம் இல்லை. போதாததற்கு, பிப்ரவரியில் அந்தப் புதுப் பையன்களில் ஒருவரான நெர்லென்ஸ் நோயலுக்கு முழங்கால் போயிற்று. கோப்பைக்கான முக்கியத் தொடருக்கே தேர்வாகாமல், என்ஐடி என்ற இரண்டாம் தரத் தொடரின் முதல் சுற்றில் ராபர்ட் மோரிஸ் என்ற பல்கலைக்கழகத்திடம் 57-59 என்று தோற்றார்கள்.

மகன் அனுப்பும் வீடியோக்களை நம்பாதீர்கள். அதில் எல்லாப் பந்தும் கூடைக்குள்தான் விழும். தவறவிட்டதை எவன் வெட்டி ஒட்டுவான்? பள்ளியில் 19 அடி 9 அங்குலத்தில் இருக்கும் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி), கல்லூரியில் 22 அடியைத் தாண்டிப் போய்விடுகிறது. எதிரணி ஃபவுல் செய்தால் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவின் கோடு மட்டும் இரண்டு இடத்திலும் 15 அடி. அதனால் பையன் தூரத்திலிருந்து எறிவானா என்று அறிய நான் முதலில் பார்ப்பது அவனுடைய ஃப்ரீ த்ரோ சதவீதத்தைத்தான். 2019-ல் டியூக் பல்கலைக்கழக அணியிடம் சையன் வில்லியம்சன், பாரெட், ரெடிஷ் மூவரும் இருந்தார்கள். அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் பத்துக்குள் போனவர்கள். ஆனாலும் தூரத்து எறிதல் அந்த அணிக்குக் கடைசிவரை கைகூடவில்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் ஒரே புள்ளியில் தோற்று வெளியேறினார்கள்.

போன சீசனில் ஆட்டத்துக்கு 25 நிமிடமாவது ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று மகனிடம் கேளுங்கள். மூன்று பேர் என்றால் நழுவிவிடுங்கள். யாருமே இல்லை என்றால் தாராளமாகக் கட்டுங்கள். மட்டன் பிரியாணியாகவே கேளுங்கள்.