வாசகர் கேள்வி: பாளை இல்லாத மாதங்கள்

கேள்வி: கணவர் காலமாகி எட்டு மாதமாகிறது. பிள்ளைகள் சென்னையில். ஆலயத்தில் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. இனி என் வாழ்வுக்கு என்ன பொருள், அக்கா?
- வாசகி, நாசரேத்

பதில்: அழுங்கள், தங்கச்சி. வேதாகமத்தில் பிரசங்கி மூன்றாம் அதிகாரம் புலம்பலுக்கும் ஒரு காலத்தை ஒதுக்கியிருக்கிறது.

என் அப்பா பனையேறி. மழை மாதங்களில் பதநீர் சுரக்கும் பாளை, அதாவது பனம்பூங்குலை, இல்லை, வீட்டில் காசும் இல்லை. ஆனாலும் பதநீர்க் கலயத்துக்குள் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பாளை அரிவாளைத் தீட்டி, எண்ணெய் பூசி, அருவாப்பெட்டியில் செருகுவார். மரம் பட்டுப்போகவில்லை என்று அவருக்குத் தெரியும். குடும்ப ஜெபம் நீள்வதும் அந்த மாதங்களில்தான்.

காத்திருப்பு பனைக்கு மட்டுமல்ல. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி ஆலயத்தை மிஷனரி கால்டுவெல் 1847இல் தொடங்கினார், பிரதிஷ்டை 1880இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்த எத்தனை பேர் கூரையைப் பார்த்திருப்பார்கள்?

நானும் கைம்பெண்தான். என் கணவர் இறந்த வருடம், ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனத்துக்குப் போக மறுத்தேன். காய் நறுக்க ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்துப்போனார். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அழுதேன், யாரும் தடுக்கவில்லை. சாம்பார் கொதிக்கும்போது எனக்குப் பசித்தது, பல மாதங்களுக்குப் பிறகு.

இந்த ஞாயிறு, தனியாக வரும் ஒருத்தியை உங்கள் கணவர் உட்கார்ந்த அந்த இடத்தில் உட்கார வையுங்கள். பாட்டுப் புத்தகத்தை இருவருமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.