மேல் இமை திடீரெனத் தாழ்ந்தால்

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு வாரமாக இடது கண்ணின் மேல் இமை பாதி மூடியபடி தொங்குகிறது. "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லி மருத்துவரிடம் வர மறுக்கிறார். சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொறுக்க வேண்டாம், இன்றே அழைத்துச் செல்லுங்கள். முதுமையில் இமை தாழ்வது உண்மைதான். ஆனால், இமையைத் தூக்கும் தசைநாண் தளர்வதால் வரும் அந்தத் தாழ்வு, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. ஒரே வாரத்தில் ஒரு கண்ணில் மட்டும் வந்திருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நேராகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பை 1 முதல் 2 மி.மீ. வரை மறைப்பது இயல்பு. மருத்துவர் அதை அளந்துகொண்டு, இமையை விரலால் தூக்கி, கருவிழியின் நடுவிலுள்ள கறுந்துளையான பாவையின் அளவையும் கண்ணின் அசைவையும் கவனிப்பார். என்னைக் கேட்டால், பரிசோதனையின் உயிர்நாடியே இந்தக் கட்டம்தான். மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு செயலிழந்திருந்தால், கண் வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும் ஒதுங்கி நிற்கும். இமையைத் தூக்கியதும், அதுவரை மறைந்திருந்த இரட்டைப் பார்வை வெளிப்படும். பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் பெரும்பாலும் நரம்பின் உட்பகுதிக்குச் செல்லும் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பாதிப்பதால் பாவை பொதுவாகத் தப்பிவிடும். நரம்பும் பெரும்பாலும் மூன்று மாதங்களில் தேறிவிடும். அதற்கு மாறாகப் பாவை விரிந்திருந்தால், மூளை ரத்தக்குழாயில் உண்டான புடைப்பு ஒன்று நரம்பை வெளியிலிருந்து அழுத்துகிறதோ என்று அஞ்ச வேண்டும். அது உயிருக்கே ஆபத்தானது என்பதால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். பாவை இயல்பாகத் தெரிந்தாலும் அந்தச் சந்தேகத்தை வீட்டிலிருந்தபடியே விலக்கிவிட முடியாது.

இமை சிறிதளவே தாழ்ந்து, அந்தப் பக்கத்துப் பாவை சுருங்கியிருந்தால், 1869-இல் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் விவரித்த நிலையாக இருக்கலாம். அப்போது கழுத்தையும் நுரையீரலின் உச்சியையும் ஆராய வேண்டும். காலையில் சரியாக இருந்து மாலையில் தாழ்ந்தால், 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்னும் தசைச்சோர்வு நோயைக் கருத வேண்டும். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை இறங்குவதும், இரண்டு நிமிடம் ஐஸ் ஒற்றடம் கொடுத்தால் ஏறுவதும் அதன் அடையாளங்கள்.

போகும்போது தந்தையின் பழைய புகைப்படங்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். தாழ்வு புதியதா பழையதா என்பதை அவை சட்டென்று காட்டிவிடும்.

கேள்வி: எனக்கு அடிக்கடி கண்கட்டி வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இமை விளிம்பில் சிவந்து வலிப்பது கண்கட்டி; சற்று உள்ளே தள்ளி, வலியின்றி உருண்டையாக நிற்பது எண்ணெய்ச் சுரப்பியின் அடைப்பு. இரண்டுக்கும் வெதுவெதுப்பான ஒற்றடத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை, பத்து நிமிடம் கொடுத்தால் போதும், பிதுக்கக் கூடாது. நடுவயதைக் கடந்தவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, அங்கே இமைமுடியும் உதிர்ந்தால், புற்றுநோயா என்று அறியத் திசுப் பரிசோதனை அவசியம்.