வெப்பநிலை என்பது பொருளில் உள்ள ஆற்றலின் அளவுதானே? இதில் என்ட்ரோபி (பொருளின் துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) எங்கே வருகிறது?

இல்லை. சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒரு டன் ஐஸில் உள்ள வெப்ப ஆற்றல், ஒரு சாளை மீனில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனாலும் வெப்பம் மீனிலிருந்து ஐஸுக்குத்தான் போகும்.

கன அளவும் துகள்களின் எண்ணிக்கையும் மாறாதபோது, ஒரு ஜூல் ஆற்றல் கூடினால் என்ட்ரோபி எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அந்த வீதத்தின் தலைகீழ்தான் வெப்பநிலை. குளிர்ந்த பொருளுக்குச் சிறிது ஆற்றல் கிடைத்தாலும் என்ட்ரோபி நிறையக் கூடும். சூடான பொருளில் அதே ஆற்றலுக்குக் குறைவாகவே கூடும்.

கணக்குப் போடலாம். மீன் 303 கெல்வின் (30 டிகிரி செல்சியஸ்), ஐஸ் 273 கெல்வின் (0 டிகிரி), கைமாறுவது 1000 ஜூல். மீன் இழக்கும் என்ட்ரோபி 1000/303, அதாவது 3.30 ஜூல்/கெல்வின். ஐஸ் பெறுவது 1000/273, அதாவது 3.66. நிகர லாபம் 0.36. எதிர்த்திசையில் போனால் மொத்த என்ட்ரோபி குறையும்; அது தானாக நடக்காது. அதனால்தான் மீன் தானாகச் சூடாவதில்லை.

பலர் சறுக்குவது செல்சியஸில் வகுத்துத்தான் (ஐஸுக்கு 0 டிகிரியால் வகுத்துப் பாருங்கள்!). கெல்வின் மட்டுமே செல்லும்.

இன்னொன்று: 0 டிகிரியில் 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். வெப்பநிலை அசையாது, என்ட்ரோபி மட்டும் சுமார் 1223 ஜூல்/கெல்வின் ஏறும். பெட்டியில் மீன் நெடுநேரம் குளிர்ந்தே கிடப்பது இதனால்தான்.