பத்துக் கையெழுத்தும் ஒரே பெயரும்

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற யாரையாவது நெருக்கமாகத் தெரியுமா? என்ன நடந்தது?

என் சித்தப்பா நின்றார். 2021-இல், ஈரோடு பக்கம். தொகுதி பெயர் வேண்டாம், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பெரிய கொள்கையெல்லாம் இல்லை. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை ஆறரை மணி டவுன் பஸ் நின்றுபோனது. மில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதுதான் வண்டி. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தவர், "நின்னே பாத்துடறேன்" என்று கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு போட்டு, மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடித்தார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். அந்தக் கூத்துக்குப் பிறகு 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000.

பணம்கூடப் புரட்டிவிடலாம். கையெழுத்து கிடைப்பதுதான் பாடு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். "ஓட்டு கண்டிப்பா போடறேனுங்க, கையெழுத்து மட்டும் வேண்டாமுங்க" என்றார் மளிகைக்கடைக்காரர். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. எட்டாவது கையெழுத்து என்னுடையது. அப்புறம் சொத்து விவர உறுதிமொழிப் பத்திரம், தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தினமும் எழுத வேண்டிய செலவு நோட்டு. டீ வாங்கிக் கொடுத்த 60 ரூபாயைக்கூட எழுதி வைத்தார் மனுஷன்.

நாங்கள் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பெயர், இனிஷியல் மட்டும் வேறு. வாபஸ் வாங்கக் கடைசி நாளான மார்ச் 22-க்கு முந்தைய இரவு, அந்தக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், ஓட்டைப் பிரிக்க எதிர்ப்பக்கம் நிறுத்திய ஆள் இவர் என்று நினைத்து. மிரட்டவெல்லாம் இல்லை. மோர் குடித்துவிட்டு, "அண்ணே, எதிர்ப்பக்கம் எவ்வளவு பேசுனாங்க?" என்றார்கள். சித்தப்பா பஸ் கதையைச் சொன்னார். சிரித்தார்கள். மறுநாள் ஊருக்குள்ளேயே அந்தப் பேச்சு வந்துவிட்டது: "காசு வாங்கிட்டு நிக்கறாப்ல." பெயர்க் குழப்பம் வரக்கூடாது என்றுதான் 2015-லிருந்து ஓட்டு மெஷினில் வேட்பாளர் போட்டோவும் ஒட்டுகிறார்கள். போட்டோ மெஷினுக்கு உதவும், ஊர் வாய்க்கு உதவுமா?

தையல் மிஷின் சின்னம் கிடைத்தது. அதை ஜனங்களிடம் கொண்டுபோக மிஞ்சியது 13 நாள். ஒரு டிவிஎஸ் எக்ஸெல், ஒரு ஒலிபெருக்கி, நானும் அவரும்.

மொத்தம் 412 ஓட்டு. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும், போனது. அதற்கு அவர் கவலைப்படவில்லை. ஆனால் வாக்குச்சாவடி வாரியான பட்டியல் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். நாங்கள் காலே வைக்காத ஒரு சாவடியில் 38. எங்கள் ஊர்ச் சாவடியில் 17.

"அந்த முப்பத்தெட்டு எனக்கு விழுந்தது இல்ல கண்ணு, பேரைப் பாத்து ஏமாந்து அமுக்கினது" என்றார். பிறகு செலவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்தப் பதினேழு பேர் யாராக இருக்கும் என்று எழுத ஆரம்பித்தார். பதினொன்று வரை வந்தது. மளிகைக்கடைக்காரர் பெயரை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார்.